விசேஷம் ஒன்றும் இல்லை

காலை ஒன்பது பத்துக்குச் சுவர் கேட்டது: "மூன்றாம் தெரு. சத்தம். விசேஷமா?"

தங்கபுஷ்பத்தின் வலது கையில் இட்லி இருந்தது. இடது கையால் பதிவேட்டைத் தள்ளிப் பார்த்தாள். மூன்றாம் தெரு, ஆறுமுகநயினார் மகள் சடங்கு, ஒன்பது முதல் பத்து வரை. 'ஆம்' என்ற பச்சைப் பொத்தானைப் புறங்கையால் அழுத்திவிட்டுச் சட்னியைத் தொட்டுக்கொண்டாள். மூன்றாம் தெருவில் கதவு எதுவும் விழவில்லை. அங்கிருந்த மூவாயிரம் பேரும் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தார்கள். தங்களைப் பற்றி ஒரு கேள்வி வந்து போனது அவர்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் வேலையில் இந்தக் கேள்வி அவளிடம் எழுபது தடவை வரும். முகூர்த்த நாளாக இருந்தால் இருநூறு.

வளைநகர் நிலாவின் தரைக்கு அடியில் இருந்தது. எந்தக் காலத்திலோ எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த நீளமான குகை அது. அதற்குள் பதினான்கு தெருக்கள், நாற்பதாயிரம் பேர். காற்று கசியாமல் இருக்கப் பாறையின் உட்பக்கம் முழுக்க ரப்பர் போல ஒன்றைப் பூசியிருந்தார்கள். அதை மேல்தோல் என்றார்கள். தோலுக்குப் பின்னால் லட்சம் ஒலியுணரிகள் கொண்ட செவிச்சுவர். பாறை பெரிதாக வெடித்தால் தோல் கிழியும், காற்று போய்விடும். ஆகவே பெரிய சத்தம் கேட்ட நான்காவது நொடியில் அந்தத் தெருவின் இரு முனைகளிலும் அடைகதவுகள் விழுந்துவிடும். ஒரு தெரு போனாலும் பதின்மூன்று தெரு பிழைக்கும். அருமையான ஏற்பாடு. அதைக் கட்டியவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. குடிவரப் போகிறவர்கள் தமிழர்கள்.

பிள்ளை பிறந்தால் வெடி. பிள்ளைக்குக் காது குத்தினால் வெடி. சடங்குக்கு, நிச்சயத்துக்கு, மாப்பிள்ளை அழைப்புக்கு, பூமியில் யாரோ யாரையோ கிரிக்கெட்டில் ஜெயித்ததற்கு வெடி. வார்டு உறுப்பினர் லிஃப்டிலிருந்து இறங்கினால் ஆயிரம் வாலா. செத்தால் பாடைக்கு முன்னால் வழி நெடுக. குடியேறிய முதல் தீபாவளியன்று கதவுகள் முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை விழுந்தன. அடுத்த தை மாதம் மாப்பிள்ளை ஐந்தாம் தெருவிலும் பெண் ஆறாம் தெருவிலும் மாட்டிக்கொண்டு, நடுவில் முகூர்த்தம் கடந்து போனது. அவர்களை வரவேற்கப் போட்ட சரம்தான் கதவை இறக்கியது. ஊரே திரண்டு மன்றத்தை முற்றுகையிட்டது. வெடியை நிறுத்துவது என்று அந்தக் கூட்டத்தில் யாரும் ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. கதவை நிறுத்தச் சொன்னார்கள்.

அதனால் சுவருக்கும் கதவுக்கும் நடுவே ஓர் ஆளை உட்கார வைத்தார்கள். வெடி போடுகிற வீட்டுக்காரர்கள் நேரத்தை முன்பே பதிய வேண்டும். சத்தம் வந்தால் சுவர் 'விசேஷமா?' என்று கேட்கும். கேட்புப் பணியாளர் பதிவேட்டைப் பார்த்து ஆம் என்றால் கதவு நிற்கும். இல்லை என்றாலோ பத்து நொடி பதிலே வராவிட்டாலோ விழும். இழவுக்குத் தனிப் பொத்தான் கேட்டார்கள், செலவு என்று வைக்கவில்லை. சாவும் விசேஷத்திலேயே சேர்ந்தது.

தங்கபுஷ்பம் அந்த நாற்காலியில் பத்தொன்பது வருடமாக இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர் முழுக்க நடந்த அத்தனை கல்யாணத்துக்கும் அவள்தான் ஆம் சொன்னவள் என்று தம்பி சுயம்பு கேலி செய்வான். அவனுக்கு ஒன்பதாம் தெருவில் டீக்கடை. கடையின் பின்பாதியில் பட்டாசு வியாபாரம்.

புரட்டாசி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்பதாம் தெருவில் ஒரு சத்தம் கேட்டது. ஒற்றைச் சத்தம். பதிவேட்டில் எதுவும் இல்லை. அவள் சிவப்பை அழுத்தினாள், கதவுகள் விழுந்தன. ஆய்வாளர்கள் வந்து இரண்டரை மணி நேரம் மேல்தோலைத் தடவிப் பார்த்தார்கள். கிழிசல் இல்லை. தரையில் கருகிய காகிதம் கிடந்தது. வளைநகரில் எந்தத் தெருவில் எந்த நாளில் குனிந்தாலும் கருகிய காகிதம் கிடக்கும். 'பட்டாசு' என்று எழுதிவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே கதை. அந்தத் தடவை பள்ளிக்கூடம் விடும் நேரம். பிள்ளைகள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அழுதன, தாய்மார்கள் இந்தப் பக்கம் நின்று தங்கபுஷ்பத்தின் பரம்பரையை இழுத்தார்கள்.

மேற்பார்வையாளர் ஜெபமணி வந்து மேசையில் சாய்ந்தார்.

"இங்க பாருங்க, இனிமே தெருவுல ஒரு ஆளக் கேக்காம கதவப் போடாதீங்க."

"பத்து நொடியில யாரைக் கேக்க சார்?"

"உங்க தம்பி அங்கதான இருக்கான்."

மூன்றாவது சத்தம் வந்தபோது காதுப்பொறியில் சுயம்புவைக் கூப்பிட்டாள். டீ ஆற்றும் சத்தத்துக்கு நடுவே அவன் சொன்னான்: "எவனாவது போட்டிருப்பான்க்கா. இதுக்கெல்லாமா போன் போடுவ?" ஏழாவது நொடியில் அவள் பச்சையை அழுத்தினாள். அழுத்திய விரல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு குறிப்பேட்டை எடுத்து எழுதினாள்: 'ஒன்பதாம் தெரு. சத்தம். விசேஷம் ஒன்றும் இல்லை.' அந்தத் தெருவில் எந்த விசேஷ வீடும் இல்லை, பின் எதற்குச் சத்தம்? அதைத்தான் எழுதினாள். பொத்தானில் சொன்ன பொய்யை மையில் திருத்திவிட்டதாக ஒரு நிம்மதி. ஜெபமணி சாயங்காலம் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மூன்று வாரத்தில் இதே வரியை இன்னும் எட்டு தடவை எழுதினாள். ஒன்பது தடவையும் கையெழுத்து விழுந்தது. யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்தாவது தடவை அவளுக்குத் தூக்கம் போயிற்று. தோலுக்குப் பின்னால் பாறை விரிசல் விட்டுக்கொண்டிருந்தால் ஆய்வாளர் கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. சுவர் காது கொடுத்துக் கேட்டால் கண்டுபிடிக்கும். ஆனால் அதற்குச் சில நாள் ஊர் அமைதியாக இருக்க வேண்டும். நாற்பது வருடமாகச் சுவருக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை. அவள் மன்றத்துக்கு மனு எழுதினாள். பத்து நாள் வெடி வேண்டாம், ஒன்பதாம் தெருப் பாறையைக் கேட்டுப் பார்ப்போம், தேவையானால் தெருவைக் காலி செய்வோம். தீபாவளிக்கு எட்டு நாள் இருந்தது.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றான் சுயம்பு. "தீபாவளிய விட்டா எனக்கு வேற எதுக்கா சீசன்?"

"உன் ரெண்டு பிள்ளைங்களும் அந்தக் கூரைக்குக் கீழதாம்ல படுக்கு."

"கூரை நாப்பது வருசமா நிக்கு. நீ அம்பது வருசமாப் பயப்படுத."

பொது விசாரணை முதல் தெரு மண்டபத்தில் மதியம் தொடங்கியது. மன்றத் தலைவர் மாசானம் நடுவில் உட்கார்ந்தார். உட்காரும் முன் அவருக்கு வாசலில் ஒரு சரம் கொளுத்தினார்கள். பதிவேட்டில் முறைப்படி ஏற்றிய சரம்தான்.

இளைப்பு உள்ள பையனின் அப்பா ஒருவர் முதலில் எழுந்தார். "சடங்கு வீட்டுப் புகை மூணு நாளு போக மாட்டேங்கு. பிள்ளை ராத்திரி பூரா உக்காந்தே கெடக்கான்."

"மூஞ்சிக்கு ஒரு துணியக் கட்டுங்க அண்ணாச்சி!" என்று பின்வரிசை.

"எங்க வீட்டுப் பூனை தீபாவளிக்குக் கட்டிலுக்கு அடியில போனா பொங்கலுக்குத்தான் வெளிய வரும்," என்றார் இன்னொருவர். மண்டபம் சிரித்தது. பூனைக்காகத் தடை கேட்டதாகவே அவர் பெயர் பிறகு நிலைத்துவிட்டது.

பட்டாசு வணிகர் சங்கத்துக்காக வழக்கறிஞர் பூரணவல்லி பேசினார். கலாசாரம், பிழைப்பு எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு ஒரு நோட்டை உயர்த்தினார்.

"இது கேட்பு அறைக் குறிப்பேடு. மனு போட்டவங்களோட சொந்தக் கையெழுத்து. ஆபத்து ஆபத்துன்னு சொல்றாங்களே, அந்தச் சத்தங்களைப் பத்தி அன்னைக்கு அன்னைக்கு அவங்களே எழுதினது. ஐப்பசி ரெண்டு, விசேஷம் ஒன்றும் இல்லை. அஞ்சு, விசேஷம் ஒன்றும் இல்லை. ஆறு, விசேஷம் ஒன்றும் இல்லை. மேல வாசிக்கணுமா?"

மண்டபம் ஓ என்று கத்தியது. தங்கபுஷ்பத்துக்கு ஒரு கணம் எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. பிறகு புரிந்தது. அவளுடைய வரியை அவளைத் தவிர ஊரில் அத்தனை பேரும் 'சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை' என்றுதான் படித்திருக்கிறார்கள். கடிதத்தின் கடைசியில் எழுதுவோமே, இங்கே வேறு விசேஷம் ஒன்றும் இல்லை என்று, அதைப் போல. ஜெபமணி ஒன்பது கையெழுத்தும் போட்டது அதனால்தான்.

"அப்படி இல்ல," என்றாள். "விசேஷம் இல்லன்னா விசேஷ வீடு இல்லன்னு அர்த்தம். கல்யாணம் இல்ல, காதுகுத்து இல்ல. ஒண்ணும் இல்லாமச் சத்தம் வருதுன்னு எழுதியிருக்கேன். அது தானய்யா ஆபத்து!"

மாசானம் கண்ணாடியைக் கழற்றினார். "சரிம்மா. அன்னைக்கு எந்தப் பொத்தான அமுத்துனீங்க?"

அவள் பூரணவல்லியின் கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள்.

"சொல்லுங்க."

"பச்சை."

"விசேஷம்னு அமுத்திட்டு, விசேஷம் இல்லன்னு எழுதியிருக்கீங்க. இதுல எதம்மா நாங்க நம்ப?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது. மனு அங்கேயே செத்திருக்கும். வணிகர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த சுயம்பு எழுந்து நின்றான். சங்கத்துக்காரர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், தட்டிவிட்டான்.

"பச்சைய அமுத்தச் சொன்னது நான்தான். அக்கா எங்கிட்டதான் கேக்கும். எவனாவது போட்டிருப்பான்னு சொல்லுவேன். பத்து தடவ சொன்னேன். ஒரு தடவகூட பாய்லர விட்டு வெளிய வந்து எவன் போட்டான்னு நான் பாக்கல." வணிகர்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். "எங்க தெருவுல பட்டாசு விக்கிறவன் நான் ஒருத்தன்தான். யாரு வாங்குனா, யாரு போட்டான்னு எனக்குத் தெரியணும். அந்தப் பத்துல ஒண்ணுக்குக்கூட எனக்கு ஆள் தெரியல."

மண்டபத்தில் ஒன்பதாம் தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாலை தீர்ப்பு வந்தது. பொதுப் பாதுகாப்பைக் கருதிப் பத்து நாள் வெடிக்குத் தடை. நாளை காலை ஆறு மணி முதல் அமல். தங்கபுஷ்பம் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். சந்தோஷத்தில் அந்த 'நாளை' அவள் காதில் விழவில்லை. ஊருக்கு அது மட்டும்தான் விழுந்தது.

ஆறு மணிக்குள் எல்லாக் கடைகளிலும் வரிசை நின்றது. மறுநாள் மதுக்கடை மூடல் என்றால் முந்தின நாள் நிற்குமே, அந்த வரிசை. இன்னும் ஒரு வாரம் கழித்து வர வேண்டிய தீபாவளியை அன்றைக்கே கொண்டாடினார்கள். தடை கேட்டவர்களும் வென்றோம் என்று ஆளுக்கொரு சரம் வாங்கினார்கள். மன்றம் பதிவேட்டில் பதினான்கு தெருவுக்கும் சேர்த்து ஒரே வரி ஏற்றியது. 'விசேஷம்: பட்டாசுத் தடை.' சுவர் அன்று மாலை நாலாயிரம் தடவை கேட்டது. தங்கபுஷ்பம் நாலாயிரம் தடவை ஆம் சொன்னாள்.

மறுநாள் காலை வளைநகர் அமைதியானது.

முதல் நாள் எல்லாருக்கும் பிடித்திருந்தது. பூனை வெளியே வந்தது. இளைப்புப் பையன் படுத்துத் தூங்கினான். தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் இவ்வளவு இனிமையா என்று ஆச்சரியப்பட்டார்கள்.

இரண்டாம் நாள் மதியம் பதினோராம் தெருவில் ஒரு பெண் மாவு ஆட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள். டிக் என்றது. கொஞ்ச நேரம் கழித்து, டிக். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் இடுப்பில் கை வைத்து நின்று கேட்டார்கள். மூன்றாம் தெருவிலும் கேட்டது. ஆறிலும் கேட்டது. மன்றத் தலைவரின் சாப்பாட்டு மேசைக்கு மேலே நன்றாகவே கேட்டது. நாற்பது வருடமாக அது ஒலித்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

செவிச்சுவர் முதல்முறையாக முழுதாகக் காதைத் திறந்திருந்தது. மூன்றாம் நாள் அது தந்த கணக்கைத் தங்கபுஷ்பம் இரண்டு தடவை சரிபார்த்தாள். பாறை பதினான்கு தெருவிலும் விரிசல் விட்டிருந்தது. பத்து தெருக்களைச் செப்பனிட அவகாசம் இருந்தது. மூன்றில் சந்தேகம். ஒன்பதாம் தெருவில் அவகாசம் இல்லை, உடனே காலி செய்ய வேண்டும். அறிக்கையில் இந்தத் தடவை 'விசேஷம்' என்ற சொல்லையே அவள் எழுதவில்லை. 'ஒன்பதாம் தெருக் கூரை விழப்போகிறது' என்று எழுதினாள். இதை வேறு எப்படியும் படிக்க முடியாது.

ஒன்பதைக் காலி செய்தால் அந்த இரண்டாயிரத்து எழுநூறு பேரும் மற்ற தெரு வீடுகளில் தங்க வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு தெருவாக, எல்லாரும் எல்லார் வீட்டிலும், மூன்று வருடம். செய்ய முடியாத காரியம் இல்லை. ஆனால் எந்தத் தெருவில் பேசினாலும் பேச்சு அங்கே போகவில்லை.

"தூங்க முடியலம்மா," என்று மூன்றாம் தெருவில் ஆறுமுகநயினார் அவளை வழிமறித்தார். "கண்ண மூடுனா டிக்குங்கு. முன்னாடி இப்படியா இருந்துச்சு? நல்லா இருந்த ஊர இப்படிப் பண்ணிட்டியே."

"நான் பண்ணலையே. அது முன்னாடியும் இருந்துச்சு."

"முன்னாடி கேக்கல இல்ல?"

நான்காம் நாள் மருத்துவமனையில் தூக்கமில்லாதவர்கள் வரிசையில் நின்றார்கள். ஐந்தாம் நாள் ஒன்பதாயிரம் பேர் கையெழுத்திட்ட மனு வந்தது. முதல் கையெழுத்து இளைப்புப் பையனின் அப்பாவுடையது. பையன் படுக்கிறான், ஆனால் டிக் கேட்டுப் பயந்து எழுந்துவிடுகிறான் என்று எழுதியிருந்தார். பூரணவல்லி இந்த முறை கட்டணம் வாங்காமல் வாதாடினார். அவர் முகத்திலும் தூக்கம் இல்லை.

ஆறாம் நாள் உத்தரவு வந்தது. மக்களிடையே பரவிவரும் பீதியைக் கருத்தில் கொண்டு, பொதுப் பாதுகாப்பு கருதித் தடை நீக்கப்படுகிறது. அதோடு எல்லாத் தெருக்களிலும் மாலை ஆறு முதல் ஏழு வரை மன்றமே வெடி போட ஏற்பாடு செய்யும். கேட்பு அறையின் அறிக்கை பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

சுயம்பு அதற்கு முன்பே மனைவியையும் பிள்ளைகளையும் நான்கு பெட்டிகளோடு தங்கபுஷ்பத்தின் ஒற்றை அறையில் கொண்டுவந்து விட்டிருந்தான். உத்தரவு வந்த அன்று மதியம் அவன் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"நீ எங்கல கிளம்புத?"

"ஒம்பதுக்கு. மன்றத்து வெடிய எங்க தெருவுல போடுத வேலை எனக்குத்தான் வந்திருக்கு."

"அறிக்கைய வாசிச்சதான?"

"வாசிச்சேன். அதான் பிள்ளைங்கள இங்க கொண்டாந்தேன்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சனம் எல்லாம் அங்கதான்க்கா இருக்கு. நான் போடலன்னா வேற எவனாவது போடுவான். ஒரு மணி நேரம்தான், வந்துருவேன்."

ஆறு மணிக்கு அவள் நாற்காலியில் இருந்தாள். பதிவேட்டில் புதிய வரி ஏறியிருந்தது. 'விசேஷம்: பொதுப் பாதுகாப்பு.' பதினான்கு தெருவிலும் சரங்கள் பொரிந்தன. சுவர் கேட்கக் கேட்க அவள் பச்சையை அழுத்தினாள். திரையில் சிறு சிறு டிக்குகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் புகைக்குள் மறைவது போல மறைந்தன. தெருக் காட்சிகளில் சனங்கள் வாசலுக்கு வந்திருந்தார்கள். ஆறு நாளுக்குப் பிறகு முகம் தெளிந்திருந்தது. சிலர் நின்றபடியே கொட்டாவி விட்டார்கள்.

ஆறு நாற்பதுக்கு ஒன்பதாம் தெருவின் ஐயாயிரம் வாலா ஓய்ந்தது. மூன்று நொடி அமைதி. அதற்குப் பிறகு ஒன்று கேட்டது. ஒற்றைச் சத்தம், இதுவரை கேட்டதிலேயே பெரியது. மேசையில் இருந்த டம்ளர் நகர்ந்தது.

"ஒன்பதாம் தெரு. சத்தம். விசேஷமா?"

பச்சையை அழுத்தினால் பாறை பிளக்கும்போது கதவு திறந்திருக்கும், நகரம் முழுக்கக் காற்று போகும். சிவப்பை அழுத்தினால் இரண்டாயிரத்து எழுநூறு பேர் உள்ளே. அவர்களோடு அவனும். அவள் காதுப்பொறியைத் தட்டினாள்.

"சுயம்பு! கடைசியா ஒண்ணு கேட்டுச்சே. அது உன்னோடதா?"

பின்னால் விசிலும் கைதட்டலுமாக இருந்தது. ஏழு, என்று மீதி நொடிகளை எண்ணியது சுவர். ஆறு.

"இல்லக்கா," என்றான் சுயம்பு. அவன் மூச்சு மட்டும் கேட்டது. அவன் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவனுக்குப் பக்கத்தில் யாரோ சந்தோஷமாகக் கத்தினார்கள். "அண்ணாச்சி, கடைசி வெடி பிரமாதம்! இன்னொண்ணு போடுங்க!"